என் நம்பருக்குத்தான் வர வேண்டும்

உட்கார்ந்து பேசலாமா, அம்மிணி? நின்றுகொண்டு பேசினால் எனக்கு வார்த்தை வராது. வாசலில் இருந்தவர் உங்களிடம்தான் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் வந்தவர்களையும் முன்னால் விட்டுவிட்டு, எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். என் விஷயம் மற்றவர் காதில் விழக்கூடாது.

என் பெயர் ராக்கியப்பன். விஜயமங்கலம். பெருந்துறையில் கொடிமலர் எம்பிராய்டரி என்று ஒன்று இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், பாருங்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆபீசில்தான் டிசைன் போடுகிற சாப்ட்வேரை வாங்கினோம். பணம் என் தங்கச்சியுடையது. கையெழுத்துப் போட்டது நான். செல் நம்பரும் என்னுடையது. அந்த நம்பர் இன்றுவரை மாறவில்லை. இந்தச் செல்லும் மாறவில்லை.

புகார் இதுதான். அந்தச் சாப்ட்வேரின் லைசென்ஸ் கீயைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் என் செல்லுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு ஓடிபி வர வேண்டும். நான் அதைப் படித்துச் சொன்னால்தான் கீ கிடைக்கும். நான் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அங்கே மெஷின் ஓடுகிறது. எப்படி ஓடும்? திருட்டு சாப்ட்வேர் போட்டிருக்கிறான். போட்டவன் பெயர் திருமூர்த்தி. என் தங்கச்சி மகன். என் மகளைக் கட்டியவனும் அவன்தான்.

நீங்கள் கேஸ் போட வேண்டும். போலீஸோடு போய்க் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவீர்களாமே, பேப்பரில் படித்தேன். அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓரமாக நின்றுகொள்வேன். ஒன்றும் பேச மாட்டேன். அவன் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

நீங்கள் தேடுங்கள். தேடிக்கொண்டே கேளுங்கள்.

நான் எட்டாவது வரைக்கும்தான். மில்லில் டைம் ஆபீசில் டோக்கன் கொடுக்கிற வேலை. காலையில் எத்தனை டோக்கன் போனதோ, சாயங்காலம் அத்தனையும் ஆணியில் வந்து தொங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன். தங்கச்சி புருஷன் செத்தபோது அவள் என்னை அந்த வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னாள். பன்னிரண்டு தலை மெஷின் இருந்தது. ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஊசி ஒரே பூவைத் தைக்கும். பள்ளிக்கூடத்துச் சட்டைக்குப் பேட்ஜ், ஜாக்கெட்டுக்கு வேலைப்பாடு, அதுதான் தொழில். திருமூர்த்தி அப்போது காலேஜில் இருந்தான். நான்தான் தாய்மாமனாக நின்று நடத்தினேன்.

சாப்ட்வேர் வாங்கின அன்று உங்கள் இடத்தில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "பெரியவரே, சிடி போனா வேற சிடி தருவோம். டப்பாவுக்குள்ள ஒட்டியிருக்கிற இந்த லேபிளை மட்டும் விட்டுராதீங்க. இந்தக் கீதான் சாப்ட்வேர்." அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது, கட்டைவிரல் அகலத்துக் காகிதம். இருபத்தைந்து எழுத்து. ஐந்து ஐந்தாக ஐந்து கட்டு. பஸ்ஸில் வரும்போது டப்பாவைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அதிலிருந்து அதை ஒருத்தரையும் தொட விடவில்லை. சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். திருமூர்த்தி படித்து முடித்து வந்ததும் கேட்டான். "மாமா, ஒரு போட்டோ எடுத்துச் செல்லுல வெச்சுக்கறனுங்க. இல்லாட்டி ஒரு பேப்பர்ல எழுதிக்கறேன்." விடவில்லை. படம் எடுத்தால் ஒன்று இரண்டாகிவிடும். எழுதினால் மூன்று. மூன்று இடத்தில் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா, சொல்லுங்கள். ஒன்று இருந்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பேன். மெஷினின் பன்னிரண்டு தலைக்கும் பொட்டு வைப்போம். கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டப்பாவுக்கு வெளியே வைத்தால் அது டப்பாவுக்குச் செய்த பூஜை. கீக்கு யார் வைப்பது? அதனால் டப்பாவைத் திறந்து லேபிள் மேலேயே வைப்பேன். ஒரு பொட்டு வைத்தால் ஒரு கட்டுக்குத்தான் ஆகும். ஐந்து கட்டுக்கும் ஐந்து பொட்டு. அடுத்த வருஷம், காய்ந்துபோன பழைய சந்தனத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுப் புதுசு வைப்பேன். பழசு மேலேயே புதுசு அப்புகிற வழக்கம் என்னிடம் இல்லை.

சிரிக்கிறீர்களா? இல்லையா. சரி. இருமல் என்றால் தண்ணீர் குடியுங்கள்.

இந்த மே மாசம் கம்ப்யூட்டர் நின்றுபோனது. பெனடிக்ட் என்று ஒரு மெக்கானிக் வந்து, உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது, வேறு போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்றான். மதியத்துக்குள் ஏற்றிவிட்டான். கடைசியில் கீ கேட்டான். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தன் கீ கேட்கிறான். கேட்கும் நாள் வரும் என்று எனக்குத் தெரியும். கை கால் கழுவி, அலமாரியைத் திறந்து, டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். வேலை செய்கிற பெண்கள் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். சுகந்தி, அவள்தான் என் மகள், டிசைன் எல்லாம் போடுகிறவள், அவளும் பக்கத்தில் வந்தாள்.

பெனடிக்ட் திறந்தான். லேபிளைச் சாய்த்துப் பார்த்தான். டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தான். "ஐயா, இதுல எழுத்தே இல்லீங்களே. மஞ்சளாத்தான் இருக்குது" என்றான்.

திருமூர்த்தி வாங்கிப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "கீயைச் சாமியே எடுத்துக்கிச்சாட்ட இருக்குது மாமா. இனி சென்னிமலை ஏறி முருகங்கிட்டத்தான் கேட்டு வாங்கோணும்."

பெனடிக்ட் சிரித்தான். நாலு பெண்களும் சிரித்தார்கள். மெஷின் ஓடாத நேரம், சிரிப்புச் சத்தம் அந்த ஹாலில் அப்படியே நின்றது. சுகந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சந்தனம் எழுத்தை அழிக்காது, அம்மிணி. உங்கள் கம்பெனி மை மட்டம். அதற்குத் தனியாக ஒரு புகார் எழுதித் தருகிறேன்.

அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். விஜயமங்கலத்தில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. வீட்டுக்காரி போன பிறகு நான் ஒருத்தன்தான். அடுத்த நாள் காலையில் திருமூர்த்தி வந்தான். "மாமா, நாஞ்சொன்னது தப்புத்தானுங்க. வாய் தவறிருச்சு. வாங்க போலாம்" என்றான். தப்பு என்று சொன்னது உண்மைதான். ஆனால் எங்கே சொன்னான்? வீட்டுக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் நின்று. சிரித்தது ஏழு பேர் நடுவில். மன்னிப்பு ஒருத்தன் காதில். கணக்கு எங்கே ஒத்துவருகிறது? உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவனாக இரண்டாவது தடவை வருவான் என்று எனக்குத் தெரியும். வந்தே ஆக வேண்டும். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஜூன் திறப்புக்குள் பேட்ஜ் கொடுக்க வேண்டும். அந்த ஆர்டரில்தான் அவர்கள் அரை வருஷம் சாப்பிடுகிறார்கள். ஒரு தடவை தவறினால் அடுத்த வருஷம் வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைத்தேன். ஒன்று எனக்கு. இன்னொன்று பக்கத்து வீட்டு ரேஷன்கடைக்காரருக்கு, சாட்சிக்கு. அவனுக்கு நாற்காலி இல்லை. தெருவில் நின்று, "நீங்க இல்லாம முடியலீங்க மாமா" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைதான். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். செல் இரைந்தது. ஆறு எண். கூடவே இங்கிலீஷில் ஏதோ. மருந்துக்கடைக்காரரிடம் காட்டிக் கேட்டேன். "கீ வேணும்னு யாரோ கேட்டிருக்காங்க, அதுக்கு ஓடிபிங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குது" என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள். கம்பெனியே சொல்லிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. லேபிள் போனால் என்ன, கீ இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அலமாரியிலிருந்து சட்டைப் பைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடனே சுகந்தி கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க செல்லுக்கு ஒரு நம்பர் வந்துதுங்களா?"

"வல்லயே."

"நல்லாப் பாருங்கப்பா. ஆறு நம்பர் இருக்கும்."

"என்ற செல்லுக்கு அதெல்லாம் வராது. பழைய செல்லு."

எப்போது கூப்பிட்டாலும் அவளுக்குப் பின்னால் மெஷின் இரைந்துகொண்டே இருக்கும், கத்தித்தான் பேசுவாள். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. அது எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. "செரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு நாள் அதே மாதிரி கூப்பிட்டாள். அதே கேள்வி, அதே பதில். அதற்கப்புறம் கூப்பிடவில்லை. ஆனால் எண் வந்தது. தினமும் பதினோரு மணி வாக்கில் வரும். நானும் அதற்குள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வாசல் நாற்காலியில் செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். இரையும். எடுத்துப் பார்ப்பேன். அங்கே ஒருத்தி எண்ணைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே எண் என் கையில் இருக்கிறது. பத்து நிமிஷம் கையிலேயே வைத்திருப்பேன். அப்புறம் உள்ளே போவேன். ஞாயிற்றுக்கிழமைகூட வந்தது. சில நாள் இரண்டு தடவை வந்தது.

நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தும் ஏன் அமுக்கிக்கொண்டே இருந்தாள் என்கிறீர்களா? திமிர். என் மகள்தானே. அவளுக்கும் பிடித்தால் பிடித்ததுதான்.

மொத்தம் இருபத்தொன்பது. ஒன்றையும் அழிக்கவில்லை. இந்தாருங்கள், பாருங்கள், வரிசையாக இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் செல்லாது என்று தெரியும், அம்மிணி. அதற்காகக் கண்டபடி தூக்கிப் போடலாமா?

ஜூன் பிறக்கிற சமயத்தில் நின்றுபோனது. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, வரவில்லை. டவர் இல்லையோ என்று மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். மருந்துக்கடைக்காரரை ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். அது வந்தது. ரீசார்ஜ் தீர்ந்திருக்குமோ என்று இன்னொரு தடவை போட்டேன். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உடம்பு சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. புதுச் சட்டை. மார்பில் பேட்ஜ். விளக்கும் புத்தகமும் போட்ட பேட்ஜ். குனிந்து பார்த்தேன். அந்தக் குழந்தையின் அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "என்னங்க வேணும்?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனால் பார்த்துவிட்டேன். விளக்குச் சுடரின் நுனி லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சுகந்தி போட்ட டிசைன் அது. நேராக்கு என்று சொன்னேன், காற்றடித்தால் சுடர் சாயும்தானே என்று விட்டுவிட்டாள். ஆக, பேட்ஜ் தைத்து, எண்ணி, கொடுத்து முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்காமல். என் நம்பருக்கு வராமல்.

இப்போது சொல்லுங்கள், இது திருட்டா இல்லையா?

என்ன? என்ன சொன்னீர்கள்?

திரும்பச் சொல்லுங்கள். புதுசு வாங்கியிருக்கிறார்களா. இங்கேயா. மே முப்பதாம் தேதி. சுகந்தி பெயரில். அவளே வந்தாளா, தனியாகவா? இந்த நாற்காலியிலா உட்கார்ந்தாள்?

பழைய லைசென்ஸ் அப்படியே என் நம்பரில்தான் இருக்கிறது என்கிறீர்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஆனால் அதை யாரும் உபயோகிக்கவும் இல்லை.

அவளுக்கு அவ்வளவு பணம் ஏது? அன்றைக்கு அவள் கழுத்தில் சங்கிலி இருந்ததா, கவனித்தீர்களா? கவனிக்கவில்லையா. ஒல்லியாக, கயிறு முறுக்கினாற்போல இருக்கும். நான் போட்டது. சரி, விடுங்கள். அது போயிருந்தால் அதற்கும் அவன்தான் காரணம். அவன் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்குமா?

நீங்கள் விசிறியைக் கூட்ட வேண்டாம். வேர்க்கவில்லை.

அந்தப் புதுசுக்கு எந்த நம்பர் கொடுத்திருக்கிறாள்? அவள் நம்பரா. அது பத்திரமா, அம்மிணி? அவள் செல்லை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டுப் போய்விடுவாள். என் பேத்தி எடுத்து விளையாடிக்கொண்டிருக்கும். நாளைக்கு அதுவும் போனால் கீக்கு எங்கே போவார்கள்? கேஸ் வேண்டாம். கேஸை விடுங்கள். அந்த நம்பரை மாற்றி என் நம்பரைப் போடுங்கள். அது போதும். அப்புறம் எதற்கென்றாலும் என்னிடம்தான் வர வேண்டும். புதுசு வாங்கிவிட்டால் தீர்ந்துவிடுமா? அவன் என் வாசலில் வந்து நிற்கத்தான் வேண்டும்.

அவள் சம்மதிக்க வேண்டுமா? கூப்பிட்டுக் கேளுங்கள். சம்மதிக்க மாட்டாள். சம்மதிக்கவில்லை என்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, என்னிடம் தர வேண்டாம், நீங்களே பேசுங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்தால் எனக்கும் கொஞ்சம் கேட்கும்.

மெஷின் ஓடுகிறது. கேட்கிறதா, பின்னால்? பன்னிரண்டு தலையும் ஓடுகிறது.

"அப்பாவா? கோயமுத்தூருக்கா வந்திருக்காரு? பஸ்ஸுலயா?" என்கிறாள். பின்னே பிளேனிலா வருவார்கள். பதில் சொல்லாதீர்கள், விஷயத்தைச் சொல்லுங்கள்.

மாத்திக் குடுங்க என்றாளா? உடனேயா? அவனைக் கேட்டாளா, இல்லை தானாகவே சொல்கிறாளா?

அவள் செல்லுக்கு ஓடிபி போகுமா. அவள் அதைச் சொல்ல வேண்டுமா. சொல்லட்டும் பார்ப்போம்.

சொல்லிவிட்டாளா. ஆறையுமா? ஏன், எதற்கு, நீங்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமலா? பார்த்தீர்களா அம்மிணி, இப்படித்தான். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறது. போனில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். இவளை நம்பி ஒரு கீயை விட முடியுமா?

இப்போது என்ன? அடுத்தது என் செல்லுக்கா. அதை நான் படித்துச் சொன்னால் முடிந்தது. சரி. அனுப்புங்கள்.

வந்துவிட்டது.

ம். படிக்கிறேன். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். அவள் இன்னும் லைனில் இருக்கிறாளா? முடிகிற வரைக்கும் இருக்க வேண்டுமா? கேட்டுக்கொண்டே இருக்கிறாளா?

கொஞ்சம் அந்தப் போனைக் கையால் மூடுங்கள், அம்மிணி. இங்கே குனியுங்கள். நான் இப்போது இதை வாய் விட்டுப் படித்தால் அவளுக்குக் கேட்கும். கேட்டால், இந்தச் செல்லுக்கு நம்பர் வரும் என்று தெரிந்துவிடும். அப்போது வந்ததும் தெரிந்துவிடும். தினமும் பதினோரு மணிக்கு நான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்துவிடும். அவளுக்கு முன்னமே தெரியும் என்கிறீர்களா? தெரிந்திருந்தால் ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டாளா? ஏம்ப்பா இப்படிப் பண்ணறீங்க என்று ஒரு வார்த்தை?

படிக்காவிட்டால் நம்பர் மாறாதா? நிச்சயமாகவா? வேறு வழி இல்லையா? நீங்களே எட்டிப் பார்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா? கூடாது. சட்டம் இருந்தால் சரிதான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கையை எடுத்ததும் அவளிடம் சொல்லுங்கள், உங்கப்பா செல்லுக்கு ஒன்றும் வரவில்லை, பழைய செல் என்று. செல்லில் தெரிகிற இந்த வெளிச்சமா? இது ரீசார்ஜ்காரன் அனுப்புகிறது. சொல்லுங்கள்.

என்ன சொன்னாள்? "செரி" என்றாளா? அவ்வளவுதானா?

வைத்துவிட்டாளா.

அம்மிணி, இன்னொரு தரம் அனுப்பிப் பாருங்கள்.